பத்து டாலர் நோட்டில் சிற்றூரின் பெயர்

கேள்வி: அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது, பழம்பொருள் கடை ஒன்றில் 1929 என்று அச்சிட்ட பத்து டாலர் நோட்டைப் பார்த்தேன். முத்திரை பழுப்பு நிறம். இடப்பக்கம் ஏதோ ஒரு சிற்றூரின் ‘ஃபர்ஸ்ட் நேஷனல் பேங்க்’ பெயர். விலையோ பல மடங்கு சொன்னார்கள். அரசாங்க நோட்டில் ஊர் வங்கியின் பெயர் எப்படி வந்தது? வாங்கலாமா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: நீங்கள் பார்த்தது ‘நேஷனல் பேங்க் நோட்’, அம்மா. எனக்கு உயிரான சேகரிப்பு அதுதான். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1863இல் லிங்கன் கையெழுத்திட்ட சட்டத்தால் பிறந்தது. வங்கி நடத்துபவர்கள் அரசுக் கடன்பத்திரங்களை வாங்கிக் கருவூலத்தில் ஈடாக வைக்க வேண்டும். அந்த ஈட்டின் பேரில், வங்கியின் பெயர் பொறித்த நோட்டுகளை அரசு கொடுக்கும். வங்கியே மூழ்கினாலும் நோட்டு வைத்திருப்பவருக்குப் பணம் உண்டு. 1935 வரை 12,000க்கும் மேற்பட்ட வங்கிகள் இப்படி நோட்டு வெளியிட்டன.

சிற்றூர்கள் பெருமளவில் உள்ளே வந்தது 1900க்குப் பிறகு. மக்கள்தொகை 3,000க்கு மிகாத ஊர்களில் 25,000 டாலர் மூலதனம் இருந்தாலே நேஷனல் வங்கி தொடங்கலாம் என்று அந்த ஆண்டு சட்டத்தைத் தளர்த்தினார்கள். மூலதனத்துக்கு மேல் நோட்டு வெளியிட முடியாது. ஆக, அப்படிப்பட்ட வங்கி பத்து டாலர் நோட்டு மட்டுமே வெளியிட்டிருந்தாலும், ஒரே நேரத்தில் 2,500 நோட்டுகளுக்கு மேல் புழங்கியிருக்காது. கிழிந்தவை கருவூலத்துக்குத் திரும்பி அழிக்கப்பட்டன. மிஞ்சியவை சில வங்கிகளுக்குப் பத்துக்கும் குறைவு. சில வங்கிகளுக்கு ஒன்றுகூட இல்லை. விலை ஏறுவது இதனால்தான். நோட்டின் வயதுக்கும் விலைக்கும் பெரிய தொடர்பு இல்லை. நியூயார்க் பெருவங்கியின் மொடமொடப்பான நோட்டைவிட, ஒரே ஒரு வங்கி இருந்த ஊரின் கசங்கிய நோட்டுக்கே என் ஓட்டு.

கடையில் கேட்டு வாங்கி வெளிச்சத்தில் பாருங்கள். நடுவில் அமெரிக்காவின் முதல் கருவூலச் செயலர் ஹாமில்டனின் படம். இடப்பக்கம் வங்கியின் பெயர், ஊர், மாநிலம். அவற்றுக்குக் கீழே வங்கித் தலைவர், கேஷியர் இருவரின் கையெழுத்துகளும் கறுப்பு மையில் அச்சாகியிருக்கும். கேஷியர் என்பவர் அங்கே வங்கியை அன்றாடம் நடத்திய அதிகாரி. வங்கியின் சார்ட்டர் எண், அதாவது அரசு கொடுத்த உரிம எண், தடித்த கறுப்பில் செங்குத்தாக நிற்க வேண்டும். அந்த எண்ணுக்குப் பதிலாக ஓர் ஆங்கில எழுத்தும், பெயரில் ‘ஃபெடரல் ரிசர்வ்’ (அமெரிக்க மத்திய வங்கி அமைப்பு) என்பதும் இருந்தால் கவனம். அவை 1933 வங்கி நெருக்கடியில் அவசரமாக அச்சிட்டவை. அதே 1929, அதே பழுப்பு முத்திரை, ஆனால் பெரும்பாலும் எளிதில் கிடைப்பவை.

1929க்கு முந்தைய நோட்டுகள் அளவில் பெரியவை. நான்கு நோட்டுகள் சேர்ந்த தாளாக அவை வங்கிக்கு வரும். தலைவரும் கேஷியரும் பேனாவால் கையெழுத்திட்டு, கத்தரியால் வெட்டி எடுப்பார்கள். அந்த மை பழுப்பேறி மங்கியிருக்கும். சிலர் ரப்பர் முத்திரை குத்தியிருப்பார்கள். கேஷியர் பெண்ணாக இருந்த வங்கிகளின் நோட்டுகளுக்கென்றே சேகரிப்பாளர்கள் உண்டு. கையெழுத்து அழிந்துபோன நோட்டை நான் வாங்கமாட்டேன். பாதி உயிர் அதில்தான்.

வாங்கலாம். ஆனால் கடைக்காரர் சொல்லும் விலையை நம்பாமல், அந்த வங்கியின் நோட்டுகள் எத்தனை இதுவரை வெளிப்பட்டிருக்கின்றன, ஏலத்தில் கடைசியாக என்ன விலைக்குப் போயின என்று மகனைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பரணிலிருந்து ஒரு கட்டு வெளியே வந்தாலே விலை சரியும். வாங்கிய பின் கழுவுவது, இஸ்திரி போடுவது, டேப் ஒட்டுவது எதுவும் வேண்டவே வேண்டாம். மடிப்பு மடிப்பாகவே இருக்கட்டும்.

கேள்வி: நம் ஊர் வங்கிகள் இப்படி நோட்டு வெளியிட்டதுண்டா?
– ஒரு வாசகர், கரூர்

பதில்: இல்லை. வங்காளம், பம்பாய், மதராஸ் மாகாண வங்கிகளுக்குச் சொந்த நோட்டு இருந்தது. 1861 காகிதப் பணச் சட்டம் அந்த உரிமையை அரசிடம் சேர்த்துவிட்டது. அதற்குப் பிறகுதான் கும்பகோணத்தில் சிட்டி யூனியன் வங்கி தொடங்கியது, 1904இல். உங்கள் கரூர் வைசியா வங்கி 1916. நம் ஊர்களில் தேட வேண்டியவை அந்தக் காலத்துக் காசோலைகள், பாஸ் புத்தகங்கள், பங்குப் பத்திரங்கள், உண்டியல்கள் (வணிகர்கள் பணம் கொடுக்கச் சொல்லி எழுதிய சீட்டுகள்). ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் போட்ட கையெழுத்தோடு வீட்டுப் பெட்டியில் கிடந்தால், பழைய பேப்பர்காரருக்குப் போடும் முன் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.