ஹோம் ரன் (பந்தை மைதானத்துக்கு வெளியே பறக்கவிடும் அடி) அதிகம் அடிக்காத பேஸ்பால் வீரர் இச்சிரோ சுசுகியை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

உண்மைதான், அமெரிக்காவில் 19 சீசன் ஆடி அவர் அடித்த ஹோம் ரன் 117தான். ஆனால் ஹிட், அதாவது பந்தை அடித்துவிட்டு அவுட் ஆகாமல் பேஸுக்கு (ஓடிச் சேர வேண்டிய இடம்) போய்ச் சேருவது? 3,089! ஜப்பானில் ஓரிக்ஸ் அணிக்கு ஆடி, தொடர்ந்து 7 வருடம் பேட்டிங்கில் முதலிடம் பிடித்துவிட்டு, 27 வயதில்தான் அமெரிக்காவின் சியாட்டில் மரைனர்ஸ் அணிக்கு வந்தார். வந்த 2001இலேயே சிறந்த புதுமுகம், மிக மதிப்புமிக்க வீரர் என இரண்டு விருதையும் தூக்கினார். இடக்கையில் ஆடுவதால் வலக்கை ஆட்டக்காரரைவிட முதல் பேஸுக்கு ஓரிரு அடி கூடுதல் பக்கத்தில் நிற்பார், ஓடத் தொடங்கிக்கொண்டே பந்தைத் தரையோடு தட்டிவிடுவார், ஃபீல்டர் பொறுக்கி எறிவதற்குள் போய்ச் சேர்ந்திருப்பார். 2004இல் ஒரே சீசனில் 262 ஹிட், 84 வருடச் சாதனை காலி. அப்புறம் ரைட் ஃபீல்டிலிருந்து (மைதானத்தின் வலது வெளிப்பகுதி) அவர் எறிகிற எறிக்கு பயந்தே பலர் அடுத்த பேஸுக்கு ஓட மாட்டார்கள். ஃபீல்டிங்குக்கான கோல்டு கிளவ் 10 முறை சும்மா வரவில்லை. பேஸ்பால் ஜாம்பவான்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமுக்கான 2025 வாக்கெடுப்பில் 394க்கு 393 கிடைத்தது. மிச்சம் அந்த ஒருத்தருக்கு என்ன கோபமோ!