பட்டினியிட்ட கோழிகளில் அரோமடேஸ் ஏன் குறையவில்லை?

வணக்கம். முட்டையிடத் தொடங்கிய இளம் பெட்டைக்கோழிகளுக்கு 3 நாள் தீவனத்தை நிறுத்தியதும் இரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் சரிந்துவிட்டது, ஆனால் முழுச் சினைப்பையை அரைத்து அளந்தபோது ஈஸ்ட்ரோஜனை ஆக்கும் நொதியான அரோமடேஸின் மரபணுச் செயல்பாடு குறையவே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அளவீடு தவறென்று நான் கருதவில்லை. முழுச் சினைப்பையையும் ஒன்றாக அரைத்ததே குழப்பத்துக்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

பட்டினியின்போது பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வந்து சினைப்பையைத் தூண்டும் லூட்டினைசிங் ஹார்மோன் குறைவதால், மஞ்சள் கரு நிறைந்த பெரிய நுண்ணறைகள் (சினைமுட்டை வளரும் பைகள்) சுருங்கிச் சிதைய, சிறிய வெள்ளை நுண்ணறைகள் பெருமளவு எஞ்சிவிடுகின்றன. கோழியில் அரோமடேஸ் செயல்படுவது, பாலூட்டிகளைப் போல நுண்ணறைச் சுவரின் உட்புறக் கிரானுலோசா அடுக்கில் அன்று, அதைச் சூழ்ந்த வெளிப்புறத் தீக்கா அடுக்கில்; அதுவும் சிறிய நுண்ணறைகளில்தான் மிகுதி. எனவே அரைத்த திசுவில் ஒரு மைக்ரோகிராம் ஆர்.என்.ஏ.வுக்கு (மரபணுச் செயல்பாட்டைக் காட்டும் மூலக்கூறு) அரோமடேஸ் அளவு மாறாதிருக்க, சினைப்பையின் மொத்த உற்பத்தி வீழ்ந்திருக்கலாம். சினைப்பையின் எடையைக் குறித்து வைத்திருக்கிறீர்களா? அதையும் சேர்த்துப் பாருங்கள்.

அடுத்த முறை நுண்ணறைகளை அளவுவாரியாகப் பிரித்தெடுங்கள். பெரிய நுண்ணறையைக் குளிர்ந்த உப்புக் கரைசலில் வைத்து மெல்லக் கீறினால், மஞ்சள் கரு வழிந்தபின் கிரானுலோசா மெல்லிய வெண்படலமாகத் தனியே உரிந்து வரும். புரோஜெஸ்டிரோன் ஆக்கத்துக்கான ஸ்டார் மரபணுவை அந்தப் படலத்தில்தான் அளக்க வேண்டும். ஒப்பீட்டு மரபணுவாக, அதாவது அளவு மாறாதது என்று கொண்டு மற்றவற்றை ஒப்பிடும் மரபணுவாக, ஜி.ஏ.பி.டி.எச். ஒன்றை மட்டும் நம்பாதீர்கள். அது குளுக்கோஸ் சிதைவுப் பாதையைச் சேர்ந்தது என்பதால் பட்டினியில் அதுவே மாறக்கூடும்.