8 மணி நேரம் தூங்கியும் காலையில் களைப்பாகவே இருக்கிறது, தூக்க மாத்திரை போட்டுப் பார்க்கலாமா?

மாத்திரையை இப்போதைக்கு விடுங்கள். முதலில் பக்கத்தில் படுப்பவரிடம் ஒன்று கேளுங்கள்: நான் குறட்டை விடும்போது நடுவில் சத்தம் சட்டென்று நின்றுபோகிறதா?

நானும் இரண்டு வருஷம் உங்களைப் போலத்தான் இருந்தேன். 10 மணிக்குப் படுத்து 6 மணிக்கு எழுவேன். நடுவில் இரண்டு மூன்று தடவை ஒன்றுக்குப் போக எழுவதோடு சரி. ஆனாலும் காலையில் தலை பாரமாக இருக்கும். ஒருநாள் சிக்னலில் பைக்கில் உட்கார்ந்தபடியே கண்ணசந்துவிட்டேன்; பின்னாலிருந்த ஆட்டோக்காரர் ஹாரன் அடித்து எழுப்பினார். சர்க்கரை, தைராய்டு எல்லாம் பார்த்தாயிற்று, குறை ஒன்றும் இல்லை. கடைசியில் ஒரு டாக்டர் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். போட்ட மறுநாள் இன்னும் மோசம்.

நம் வீடுகளில் குறட்டையை யாரும் நோயாக நினைப்பதில்லை. 'அலுப்பு, அசந்து தூங்குறார்' என்பதோடு முடிந்துவிடும். என் மனைவிதான் ஒரு ராத்திரி போனில் வீடியோ எடுத்துக் காட்டினார். குறட்டை ஏறிக்கொண்டே போய் அப்படியே அடங்குகிறது. நெஞ்சு மட்டும் எழுந்து எழுந்து அமர்கிறது, காற்று போகவில்லை. 25 விநாடி எண்ணினேன். அப்புறம் ஒரு உறுமலோடு மூச்சு வந்தது.

இதற்குப் பெயர் ஸ்லீப் அப்னியா. தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை அடைத்துக்கொள்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கியதும் மூளை நம்மை அரைகுறையாக உசுப்பிவிடுகிறது. காலையில் அது ஞாபகம்கூட இருக்காது. உடல் பருமன், தடித்த கழுத்து, உள்ளொடுங்கிய தாடை, பெரிய டான்சில், ராத்திரி குடிக்கும் பழக்கம் எல்லாம் காரணமாகலாம். ஒல்லியானவர்களுக்கும் வரும். தூக்க மாத்திரைகளில் சில அந்தத் தசைகளை இன்னும் தளர்த்தும், உசுப்பலையும் மழுங்கடிக்கும். எனக்கு மோசமானது அதனால்தான் என்று பிறகு பார்த்த நுரையீரல் டாக்டர் சொன்னார்.

அவர் ஒரு ராத்திரி ஸ்லீப் ஸ்டடி செய்யச் சொன்னார். தலை, மார்பு, கால் எங்கும் ஒயர் ஒட்டிவிட்டுத் தூங்கு என்றால் எப்படி? எப்படியோ தூங்கினேன். 10 விநாடியாவது மூச்சு நிற்பதையோ நன்றாகக் குறைவதையோ ஒரு தடவை என்று எண்ணுகிறார்கள். ஒரு மணி நேரத்தில் 5 தடவைக்குக் கீழே இருந்தால் கவலையில்லை, 30-ஐத் தொட்டால் கடுமை. எனக்கு 38. எட்டு மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டால் 300-ஐத் தாண்டுகிறது.

சிகிச்சை சிபாப் மெஷின். முகமூடி வழியாகக் காற்றை ஒரே அழுத்தத்தில் செலுத்தித் தொண்டையைத் திறந்தே வைத்திருக்கும். 1980-ல் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற டாக்டர் இதை முதலில் செய்தபோது வேக்குவம் கிளீனர் மோட்டாரைத்தான் பயன்படுத்தினாராம். இப்போது சத்தம் ஃபேன் அளவுக்குக்கூட இல்லை. ஆனாலும் முதல் பத்து நாள் நரகம்: வாய் உலரும், முகமூடி ஓரத்தில் காற்று கசியும், கரண்ட் போனால் மூச்சு முட்டி எழுந்து உட்காருவேன். முகமூடி அளவை மாற்றி, இன்வெர்ட்டரில் இணைத்த பிறகுதான் பழகியது. மூன்றாவது வாரம் ஒன்றுக்குப் போகக்கூட எழாமல் விடியும் வரை தூங்கினேன். முன்பு அப்படி எழுந்ததும் இந்த நோயின் வேலைதானாம். நான் வயசு என்று நினைத்திருந்தேன். லேசான நிலையில் இருப்பவர்களுக்கு எடை குறைப்பது, ஒருக்களித்துப் படுப்பது, பல் டாக்டர் செய்து தரும் தாடைக் கருவி ஆகியவையே போதுமானதாக இருக்கலாம்.

உங்களுக்கும் இதுதான் என்று சொல்ல வரவில்லை. வாரத்தில் 3 ராத்திரியாவது தூக்கம் வராமல் புரண்டு, அது 3 மாதம் நீடித்தால் அது இன்சோம்னியா. அதற்கும் முதல் சிகிச்சை மாத்திரை இல்லை, தூக்கம் பற்றிய எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் சிபிடி-ஐ என்ற பயிற்சிதான்: தினமும் ஒரே நேரத்தில் எழுவது, தூக்கம் வராவிட்டால் படுக்கையை விட்டு எழுந்துவிடுவது, இப்படி. என் தங்கைக்கு வேறு கதை. படுத்தால் கால் குடைச்சல், ஆட்டிக்கொண்டே இருந்தால்தான் ஆறும். ரத்தத்தில் ஃபெரிட்டின் (உடலில் இரும்புச்சத்து எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் அளவு) குறைவு என்று கண்டுபிடித்து இரும்புச்சத்து கொடுத்ததில் பெரும்பாலும் அடங்கியது.

தனியாகப் படுப்பவர் என்றால் போனில் ரெக்கார்டரைப் போட்டுத் தலைமாட்டில் வையுங்கள். சத்தம் நிற்கிற இடம் கேட்டால், அதை எடுத்துக்கொண்டு நுரையீரல் டாக்டரிடமோ காது மூக்கு தொண்டை டாக்டரிடமோ போங்கள். அதுவரை ராத்திரியில் நெடுந்தூரம் வண்டி ஓட்ட வேண்டாம்.