கொழும்புக்குப் போன வேலை

தம்பி, நீங்கள் எழுதியதை வாசித்ததும் சிரிப்பு வந்துவிட்டது, குறை நினைக்காதீர்கள். யாழ்ப்பாணம் கொக்குவிலிலிருந்து கனடா ஸ்காபரோவுக்கு வந்து ஐந்து மாதம், ஒரு கொம்பனியில் இன்வொயிஸ் பதிகிற ஒப்பந்த வேலை, பக்கத்து மேசைப் பஞ்சாபிப் பெடியனை முந்திவிட்டால் நிரந்தரமாக்குவார்கள் என்று லஞ்சுக்குக்கூட எழும்பாமல் உழைத்திருக்கிறீர்கள். கடைசியில் இரண்டு பேருக்கும் வேலை இல்லை. பாதியை மென்பொருள் செய்யுமாம், மிச்சம் கொழும்பில் ஏதோ ஒரு அலுவலகத்துக்குப் போகிறதாம். அங்கிருந்து வந்தவரின் வேலை இங்கிருந்து அங்கே போகிறது! எதிர்பாராத பக்கத்திலிருந்து வரும் இப்படியான போட்டிக்கு எப்படி ஆயத்தப்படுவது என்று கேட்கிறீர்கள்.

கொழும்பை நினைத்து ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. சிமா என்கிற கணக்காளர் படிப்புப் படித்தவர்கள் அங்கே நிறைய, ஆங்கிலமும் வரும், சம்பளம் ரூபாவில். நீங்களும் அந்த வரிசையில் நின்றவர்தானே.

என் ஐயா இணுவிலில் தோட்டம் செய்தவர். 1970க்குப் பிறகு அரசாங்கம் இறக்குமதியை இறுக்கியபோது வெங்காயமும் செத்தல் மிளகாயும் நல்ல விலைக்குப் போனது, எங்கள் கல்வீடு அந்தக் காசில் எழும்பியதுதான். அவருக்கு இருந்த ஒரே கவலை, உரும்பிராய்க்காரர் ஒருவர் தனக்கு முதல் சுன்னாகம் சந்தையில் மூட்டையை இறக்கிவிடுவாரோ என்பது. அதற்காகவே விடிய மூன்று மணிக்கு எழும்புவார். 1977இல் ஆட்சி மாறி இறக்குமதியைத் திறந்துவிட்டார்கள். கப்பலில் வந்த மூட்டைக்கு இணுவிலும் ஒன்றுதான் உரும்பிராயும் ஒன்றுதான். அவர்கள் இரண்டு பேரும் முகம் பார்த்துக் கதைக்கத் தொடங்கியதே அதற்குப் பிறகுதான் என்று அம்மா சொல்வா.

இதைக் கேட்டு வளர்ந்த எனக்கும் புத்தி வரவில்லை. 2002இல் யாழ்ப்பாணத்துக்குப் போகிற ஏ9 பாதை திறந்து, இங்கே இருக்கிற சனம் ஊரோடு கதைப்பது கூடிய நேரம், நான் தமிழ்க் கடைகளுக்குப் போன் காட், அதாவது காசு கட்டி ஊருக்குக் கோல் எடுக்கிற அட்டை, போடுகிற வியாபாரத்தில் இறங்கினேன். எனக்கு இன்னொரு விநியோகஸ்தரோடு போட்டி. அவர் காட்டுக்குப் பத்துச் சதம் குறைத்தால் நான் பதினைந்து குறைப்பேன், பிறகு அவர் இருபது குறைப்பார், வீட்டில் மனுசி கேட்பா, நீங்கள் காட் விற்கிறீர்களா அல்லது தானம் செய்கிறீர்களா என்று. 2003இல் கம்பியூட்டரிலேயே சும்மா கதைக்கிற ஸ்கைப் வந்தபோது, ஊரில் யாரிடமப்பா கம்பியூட்டர் இருக்கு என்று பகிடி பண்ணினேன். 2010இல் கைப்போனில் கதைக்கிற வைபர் வந்தது, அதற்குக் கம்பியூட்டரே தேவைப்படவில்லை. கடைசியாக எடுத்த ஒரு பெட்டிக் காட் இன்னும் பேஸ்மென்ரில் கிடக்கிறது.

நான் விட்ட பிழை சின்னதுதான். என்னைப் போலவே காட் விற்கிறவரை எட்டு வருடம் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தேன், வாங்குகிறவர் எதற்கு வாங்குகிறார் என்று ஒருநாளும் யோசிக்கவில்லை. அந்த ஐந்து டொலர் அம்மாவின் குரலுக்குக் கொடுத்த காசு. அதே குரல் சும்மா கிடைத்தால் என் காட் யாருக்கு வேண்டும்?

உங்கள் வேலையையும் அந்தக் கண்ணால் பாருங்கள். வரி அலுவலகத்திலிருந்து கடிதம் வரக்கூடாது, வந்தால் விளங்கப்படுத்திப் பதில் எழுத ஒரு ஆள் வேண்டும், இதற்குத்தான் முதலாளி காசு தருகிறார். பதிகிற வேலையை எந்த மெசினும் பதியும். காட் வியாபாரம் படுத்தபிறகு என்னைத் தூக்கிவிட்டது நான் இத்தனை வருடம் ஏறி இறங்கிய அதே கடைக்காரர்கள்தான். ரசீதுகளைச் சொப்பின் பைக்குள் திணித்துக் கொண்டுவந்து, அண்ணை இதை ஒருக்காப் பாருங்கோ என்பார்கள். வருட விற்பனை 30,000 டொலரைத் தாண்டினால் எச்.எஸ்.ரி. என்கிற விற்பனை வரிக்குப் பதிய வேண்டும் என்பதே தெரியாமல் கடை நடத்தியவர்களும் அதில் உண்டு. இரவில் கணக்கெழுதப் படித்தேன், நாற்பத்திரண்டு வயதில்.

அப்புறம் காசு. மூன்று மாத வாடகையைத் தொடாமல் ஒரு பக்கம் வையுங்கள், அதுவரை ஊருக்கு அனுப்புவதைக் கொஞ்சம் குறைத்தால் ஒருவரும் செத்துவிட மாட்டார்கள். மச்சாளின் சாமத்தியவீட்டுக்குச் சங்கிலி போடாவிட்டால் இரண்டு மாதம் கதைப்பார்கள், பிறகு மறந்துவிடுவார்கள். கையில் காசு இல்லாத ஆளுக்குப் புதிதாக ஒன்றைப் படிக்க நேரம் கிடைக்காது, அகப்பட்ட வேலைக்கு ஓடத்தான் சரி.

சிமாவை இங்கேயிருந்து முடிப்பதா என்றும் கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். முதலில் பேரோல் என்கிற சம்பளக் கணக்கு, எச்.எஸ்.ரி. இரண்டையும் பிடியுங்கள். பெப்ரவரி முடிவதற்குள் வேலையாட்களுக்கு ரி4 என்கிற வருடச் சம்பளப் பத்திரம் கொடுக்க வேண்டும், தனிநபர் வரிக்கு ஏப்ரல் 30 கடைசி, அதனால் ஜனவரியிலிருந்து என்னைப் போன்ற சின்னக் கணக்காளர்கள் எல்லாரும் ஆள் தேடுவோம்.

வேலையை விட்டு வருமுன் அந்தப் பஞ்சாபிப் பெடியனின் நம்பரை மறக்காமல் வாங்குங்கள். பிரம்டன் பக்கம் அவர்களுடைய ஆட்கள் நிறையப் பேர் ட்ரக் ஓடுகிறார்கள், அவர்களுக்கும் கணக்கெழுத ஆள் வேண்டும்.