கடவுளின் வேட்டைநாய்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இளையோருக்காக ஒரு தொடர்நாவல் எழுதுகிறேன். லாத்வியக் காட்டில் ஏழு ஓநாய் மனிதர்கள், எல்லாருக்கும் பதினாறு பதினேழு வயது. பேய்களையும் சூனியக்காரர்களையும் வேட்டையாடுகிறார்கள். முதல் பாகத்தின் முடிவில் நாயகன் பழைய தலைவனை அடித்து வீழ்த்தி ஆல்ஃபா ஆகிறான். ‘ஓநாய் மனிதனே தீயசக்திதானே, அவன் எப்படித் தீயதை வேட்டையாடுவான்?’ என்கிறார்கள் நண்பர்கள். இதற்கு மரபில் ஆதாரம் உண்டா? ஓநாய் மனிதனைக் கொல்லும் என்கிற வெள்ளித் தோட்டாவை எங்கே கொண்டுவரலாம்? மூன்று அத்தியாயங்களை இணைத்திருக்கிறேன்.

கீர்த்தனா

அன்புள்ள கீர்த்தனா,

ஆதாரம் உண்டு, நீங்கள் தேர்ந்த அதே மண்ணிலேயே. 1691ல், இன்றைய லாத்வியா அடங்கியிருந்த லிவோனியாவின் யூர்கென்ஸ்பர்கில், ஒரு தேவாலயத் திருட்டு வழக்கில் சாட்சியாக வந்த தீஸ் என்ற எண்பது கடந்த கிழவர், தான் ஓநாய் மனிதன் என்று நீதிபதிகளிடம் ஒப்புக்கொண்டார். சூனியக்காரர்கள் திருடி நரகத்தில் பதுக்கும் விளைச்சலை மீட்டு வருவதுதான் எங்கள் வேலை, நாங்கள் கடவுளின் வேட்டைநாய்கள் என்றார். வருடத்தில் மூன்று கிறிஸ்தவத் திருநாள் இரவுகளில் போவார்களாம்: லூசியா நாள், பெந்தெகொஸ்தே, யோவான் நாள். கையில் இரும்புச் சாட்டை. எதிரிகளிடம் துடைப்பக் கட்டை. சாத்தானோடு உனக்கு உறவு என்று ஒப்புக்கொள்ளச் சொல்லி எவ்வளவோ கேட்டும் கிழவர் அசையவில்லை. 1692ல் சவுக்கடியும் நாடுகடத்தலும் தண்டனையாகக் கிடைத்தன. நண்பர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

வெள்ளித் தோட்டா எங்கே வந்தாலும் எனக்குக் கவலையில்லை. வீட்டு அடுப்பில் வார்க்கிற காட்சி மட்டும் வேண்டாம். சாதாரணத் தோட்டாவின் ஈயம் 327 டிகிரியில் உருகிவிடும், வெள்ளிக்கு 960 டிகிரிக்கு மேல் வேண்டும். நிலவையும் திருத்துங்கள். முழுநிலவு சூரியன் மறையும் நேரத்தில் உதிக்கும். உங்கள் இரண்டாம் அத்தியாயத்தில் நள்ளிரவில் உதிக்கிறதே, அது தேய்பிறைப் பாதிநிலவு. யோவான் நாள் ஜூன் கடைசியில் வருகிறது. அப்போது லாத்வியாவில் முழுநிலவு உச்சிக்கு ஏறாது, தென்திசையில் மரநுனிகளை ஒட்டியே நகர்ந்து மறையும். அந்த வெளிச்சத்தை எழுதினாலே காடு வந்துவிடும்.

எனக்குக் கோபம் அந்த ஆல்ஃபா மீதுதான். இத்தனை நல்ல காட்டை எழுதத் தெரிந்தவர் இந்தப் பழைய பண்டத்தை ஏன் தூக்கிக்கொண்டு வருகிறீர்கள்? சண்டையிட்டு ஜெயித்தவனே தலைவன் என்ற இந்தச் சித்திரம் ருடால்ஃப் ஷெங்கல் என்ற ஆய்வாளரிடமிருந்து வந்தது. 1947ல் அவர் எழுதியது அடைத்து வைக்கப்பட்ட ஓநாய்களைப் பற்றி. ஓடிப்போக வழியில்லாததால் அவை சண்டையிட்டன. அந்தச் சித்திரத்தை 1970ல் தன் நூலின் வழியே பரப்பியவர் ஓநாய் ஆய்வாளர் டேவிட் மீச். பிறகு கனடாவின் வடகோடியில் உள்ள எல்ஸ்மியர் தீவில் பல கோடைகள் காட்டு ஓநாய்களின் அருகிருந்து பார்த்து, 1999ல் அவரே அதை மறுத்து எழுதினார். காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது அப்பா, அம்மா, இந்த வருடக் குட்டிகள், போன வருடக் குட்டிகள். அப்பாவை அடித்துவிட்டு யாரும் தலைவனாவதில்லை. ஒன்றிலிருந்து மூன்று வயதுக்குள் பிள்ளை வீட்டைவிட்டுத் தனியே போகிறது, துணை தேடுகிறது, வேறு நிலம் தேடுகிறது. வழியில் அயல்கூட்டத்தின் எல்லைக்குள் நுழைந்தால் உயிர் போகலாம். பதினேழு வயதுக்காரனுக்கு எழுதும் கதைக்கு இதைவிட என்ன வேண்டும்? நீங்களோ அவனுக்கு ஒரு குத்துச்சண்டையைக் கொடுத்திருக்கிறீர்கள்!

உங்கள் ஏழு பேரும் ஒரே வயது. அப்படி ஒரு கூட்டம் கிடையாது. இருவரைப் பெற்றோராக்குங்கள். ஒருத்தி போன வருடக் குட்டி, அதாவது கிளம்பும் வயதில் இருக்கும் அக்கா. வேட்டைக்கு யார் போவது, குட்டிகளோடு குகையில் யார் தங்குவது என்ற தகராறு தினமும் வரும். அதுவே உங்கள் நாடகம்.

வேட்டையும் அப்படித்தான், ஒவ்வொரு முறையும் ஜெயிக்கிறார்கள். மீச் 1960ஐ ஒட்டிய குளிர்காலங்களில் அமெரிக்காவின் ஐல் ராயல் தீவில் விமானத்திலிருந்து எண்ணினார். ஓநாய்கள் கண்டுபிடித்த மூஸ் மான்கள் 131, நெருங்கிச் சோதித்தவை 77, கொன்றவை 6. மூஸ் ஓடாமல் நின்று முறைத்தால் ஓநாய்கள் பெரும்பாலும் சற்று நேரம் பார்த்துவிட்டு விலகிவிடும். ஒரு உதையில் விலா எலும்பு போய்விடும் என்று அவற்றுக்குத் தெரியும். ஓடுகிறதை மட்டுமே துரத்தும்.

மூன்றாம் அத்தியாயத்துச் சூனியக்காரியை ஓடவிடாதீர்கள். துடைப்பக் கட்டையோடு நிற்கட்டும். உங்கள் கூட்டம் சுற்றி வந்து, மோப்பம் பிடித்து, வெறும் வயிற்றோடு வீடு திரும்பட்டும். எழுதியதும் அனுப்புங்கள்.