மலேசியாவில் கல்யாணம், இங்கிருந்து 26 பேர்

கோலாலம்பூர், கிள்ளான், பினாங்கு என்று மலேசியக் கல்யாணங்களுக்குக் கூட்டமாகக் கிளம்புகிறவர்களின் கேள்விகள்தான் இந்த முறை அதிகம். பல வருடங்களாகக் குழுப் பயண ஏற்பாடு செய்கிறவன் என்ற முறையில் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பயணப் பொறுப்பை மணப்பெண்ணின் அப்பா, அம்மா தலையில் கட்டாதீர்கள். சித்தப்பா, மாமா என்று யாராவது ஒருவர் முழுசாக எடுத்துக்கொள்ளட்டும்.

நாங்கள் 26 பேர். திருச்சியிலிருந்து கோலாலம்பூர். மொத்தமாக டிக்கெட் போட்டால் விலை குறையுமா? – பெண்ணின் சித்தப்பா, புதுக்கோட்டை

பெரும்பாலும் குறையாது. ஒரே விமானத்தில், ஒரே வகுப்பில், பல விலைப் படிகள் இருக்கும். குறைந்த விலையில் 6 இடம் மட்டும் மிச்சம் இருக்கும்போது நீங்கள் 9 பேருக்குச் சேர்த்துக் கேட்டால், 9 பேருக்குமே அடுத்த படியின் விலைதான் காட்டும். அதனால் முதலில் ஒருவருக்கு, பிறகு நான்கு பேருக்கு, அப்புறம் ஒன்பது பேருக்கு என்று விலை பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பொதுவாக 10 பேருக்கு மேல் என்றால் விமான நிறுவனத்தின் குழுப் பிரிவை அணுகலாம். முன்பணம் கட்டி இடத்தைப் பிடித்துக்கொண்டு பெயர்களைப் பின்னால் கொடுக்க முடியும். பாஸ்போர்ட்டே இன்னும் கைக்கு வராத பெரியப்பா இருக்கும் வீட்டுக்கு இது பெரிய உதவி. ஆனால் நான்கு பேர் கடைசியில் பின்வாங்கினால் அந்தப் பணத்தில் ஒரு பகுதி போய்விடும். உறுதியாக வருகிறவர்களை மட்டும் கணக்கில் எடுங்கள்.

எப்படி வாங்கினாலும் ஒரு குடும்பம் ஒரே பிஎன்ஆரில், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில், இருக்கட்டும். தனியாக வரும் பெரியவர்களை, செல்போனில் எல்லாம் பார்க்கத் தெரிந்த ஒருவரோடு சேர்த்துவிடுங்கள். ஒருமுறை விமானம் ரத்தாகி, தனி டிக்கெட்டில் இருந்த ஒரு அத்தையை மட்டும் மறுநாள் விமானத்துக்கு மாற்றிவிட்டார்கள். மற்றவர்கள் எல்லோரும் அன்று இரவே போய்விட்டார்கள். இன்றும் அவர் முகம் எனக்கு மறக்கவில்லை.

இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா வேண்டாம் என்ற சலுகை 2026 டிசம்பர் 31 வரை உண்டு. பாஸ்போர்ட்டில் ஆறு மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும். போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள், 26 பேருக்கும் டிஜிட்டல் வருகை அட்டையை (மலேசியக் குடியேற்றத் துறையின் இணையப் படிவம்) தனித்தனியாக நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கிற தளம் அரசுத் தளம் இல்லை.

நம்மூர்ப் பஞ்சாங்கப்படி வெள்ளி 9 முதல் 10.30 முகூர்த்தம் என்று குறித்திருக்கிறோம். மலேசிய நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முந்தியதாயிற்றே, அங்கே அதைக் கூட்டிக்கொள்ள வேண்டுமா? – பெண்ணின் தாய்மாமா, காரைக்குடி

இந்தச் சந்தேகத்தைக் கேட்டதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். திதியும் நட்சத்திரமும் முடிவது உலகம் முழுக்க ஒரே கணத்தில். அதற்கு இரண்டரை மணி நேரம் கூட்டினால் சரி. ராகு காலம், எமகண்டம், லக்னம் எல்லாம் அந்தந்த ஊரின் சூரிய உதயத்தை ஒட்டியவை. அவற்றுக்கு அப்படிக் கூட்டக் கூடாது.

கோலாலம்பூரில் சூரியன் உதிப்பதே பெரும்பாலும் காலை 7 மணிக்கு மேல்தான். உதயம் 7.10 என்று வைத்துக்கொண்டால், இங்கே 10.30க்குத் தொடங்கும் வெள்ளிக்கிழமை ராகு காலம் அங்கே சுமார் 11.40க்குத் தொடங்கி 1.10 வரை போகும். நீங்கள் இரண்டரை மணி நேரம் கூட்டி 11.30க்கு மணமேடையில் உட்கார்ந்தால் நேராக ராகு காலத்தில்தான் தாலி கட்டுவீர்கள்! மாப்பிள்ளை வீட்டார் பார்க்கும் மலேசியப் பஞ்சாங்கத்தை வைத்து இரு வீட்டுப் பெரியவர்களும் சேர்ந்து குறிப்பதே நல்லது.

இன்னொன்று, அங்கே காலை 7.30 என்றால் நமக்கு விடியற்காலை 5 மணி. அலங்காரத்துக்கு 4 மணிக்கு எழ வேண்டிய பெண்ணுக்கு அது நள்ளிரவு 1.30. இரண்டு நாள் முன்னதாகவே போய்விடுங்கள்.

பெண்ணுக்குப் போடும் நகைகள், எங்கள் நகைகள் எல்லாம் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவரலாமா? – திண்டுக்கல்

கொண்டு போகலாம். திரும்பும்போது “இது எங்களுடையதுதான்” என்று காட்டச் சான்று வேண்டும். கிளம்பும் அன்று விமான நிலையக் கஸ்டம்ஸில் நகைகளைக் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்குங்கள். ரசீதும் படங்களும் கையில் இருக்கட்டும். இதற்கென்றே ஒரு மணி நேரம் முன்னால் போங்கள். பெண்களுக்கு 40 கிராம் வரை வரி இல்லை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது ஒரு வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்து திரும்புகிறவர்களுக்கு. நான்கு நாள் கல்யாணத்துக்குப் போகிறவர்களுக்குப் பொருந்தாது. நகையை லக்கேஜில் போடவே போடாதீர்கள்.

தேங்காய், வெற்றிலை, பூ, கற்பூரம்? – பெண்ணின் அத்தை, தஞ்சாவூர்

எதுவும் வேண்டாம். கற்பூரம் எளிதில் தீப்பற்றும் பொருள், விமானத்தில் ஏற்றவே கூடாது. கொப்பரையும் அப்படித்தான். செடி, பழம், பூ வகைகளுக்கு மலேசியாவில் அனுமதிப் பத்திரம் கேட்பார்கள். கோலாலம்பூரில் இந்தியக் கடைகள் நிறைந்த பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் மாலை முதல் மஞ்சள் வரை எல்லாம் கிடைக்கும். கூறைப்புடவை, தாலி, தாலிக்கயிறு மட்டும் கைப்பையில் வரட்டும்.

மாப்பிள்ளை மலேசியக் குடிமகன். கோயிலில் தாலி கட்டினால் போதும்தானே? – பெண்ணின் அப்பா, சிவகங்கை

போதாது ஐயா. முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்பது அங்கே 1982 மார்ச் 1 முதல் நடைமுறையில் உள்ள சட்டம். உங்கள் பெண் அங்கேயே தங்கி வாழ்வதற்கான விசாவே அந்தப் பதிவுச் சான்றிதழை நம்பித்தான் இருக்கிறது. திருமணமாகாதவர் என்ற சான்று உட்பட என்னென்ன ஆவணங்கள் வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் மூலம் பதிவு அலுவலகத்தில் இப்போதே கேளுங்கள். பத்திரிகை அடிப்பதற்கு முன்னால் இது முடிய வேண்டும்.

கல்லூரித் தோழர்கள் 11 பேர் போகிறோம். செலவை எப்படிப் பிரிப்பது? – கோயம்புத்தூர்

அறை, வேன், பொதுச் சாப்பாடு மூன்றும் பொது நிதியில். மற்றதெல்லாம் அவரவர் பாடு. வெளிநாட்டவர் தங்கும் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி உண்டு. ஆறு அறை, மூன்று இரவு என்றால் 180 ரிங்கிட். அதையும் கணக்கில் சேருங்கள். உங்களில் ஒருவருக்குக் கை சுருங்கியிருந்தால் முன்கூட்டியே தனியாகப் பேசிவிடுங்கள், எல்லோர் முன்னிலையிலும் கேட்காதீர்கள்.

அப்பத்தாவுக்கு 74 வயது. ஐந்தாம் வகுப்புதான். பாஸ்போர்ட்டில் ஈசிஆர் (வெளிநாடு போக அரசின் அனுமதி வேண்டும் என்ற குறிப்பு) என்று இருப்பதால் போக முடியாது என்கிறார்கள். விட்டுவிட்டுப் போகவும் மனசில்லை. – பேத்தி, மதுரை

விட்டுவிட்டுப் போகாதீர்கள், தாராளமாக அழைத்துப் போகலாம். ஈசிஆர் கட்டுப்பாடு வேலைக்குப் போகிறவர்களுக்கு. கல்யாணம் பார்க்கப் போகிறவர்களுக்கு இல்லை. 50 வயது தாண்டியவர்கள் அந்தக் குறிப்பையே நீக்கிக்கொள்ளலாம். திரும்பி வரும் டிக்கெட், கல்யாணப் பத்திரிகை, தங்கும் முகவரி மூன்றையும் அவர் கைப்பையிலேயே வையுங்கள். குடியேற்ற அதிகாரி கேட்டால் “பேத்தி கல்யாணத்துக்குப் போறேன்” என்று அவரே சொல்லட்டும்.

சக்கர நாற்காலியை 48 மணி நேரம் முன்பே விமான நிறுவனத்திடம் கேளுங்கள். படி ஏற முடியுமா, முடியாதா என்று சேர்த்துச் சொல்லுங்கள். அதைப் பொறுத்து ஏற்பாடு மாறும். மாத்திரைகள் மருந்துச்சீட்டோடு கைப்பையில் இருக்கட்டும். இன்சுலின் லக்கேஜுக்குள் போனால் உறைந்து கெட்டுவிடலாம்.

கல்யாணம் முடிந்ததும் பத்துமலைக்கும் கூட்டிப்போங்கள். 272 படி ஏற அவரால் முடியாது. 140 அடி முருகன் கீழேயேதான் நிற்கிறார், நாற்காலியில் உட்கார்ந்தபடியே நிமிர்ந்து பார்த்துக் கும்பிடுவார்.