ஃபார்மேட் கேட்டா கேன்சல் அமுக்குங்க: எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, என் 1 டிபி டிஸ்கை வீட்டு டெஸ்க்டாப்ல செருகினா லைட் எரியுது, டிக் டிக்னு சத்தம் வருது, ஆனா எதுவும் காட்டல. ஆபீஸ் லேப்டாப்ல நல்லா ஓடுது. டிஸ்க் போச்சா?

பதில்: லேப்டாப்ல ஓடுதுன்னா பெரும்பாலும் கரண்ட் பத்தலை தம்பி. யூஎஸ்பி 2.0 போர்ட்டின் அளவு 500 மில்லிஆம்பியர், 3.0-க்கு 900. உள்ளே தட்டு சுத்த ஆரம்பிக்கிற சில நொடி அதைவிட அதிகமா இழுக்கலாம். கேபினட் முன்பக்க போர்ட், ஹப், நீள எக்ஸ்டென்ஷன் எதுவும் வேண்டாம். பின்பக்கம் மதர்போர்டிலேயே இருக்கிற போர்ட்ல, டிஸ்கோட வந்த குட்டை கேபிளையே போடுங்க. பழைய போன் சார்ஜர் வயரும் டிஸ்கோட அகல சாக்கெட்ல ஒரு பாதிக்குள்ள போய் உட்காரும், ஆனா அதைப் போடாதீங்க. சில சார்ஜர் வயர்ல டேட்டா லைனே இருக்காது.

கேள்வி: சார், "ஃபார்மேட் செய்ய வேண்டும்"னு விண்டோஸ் கேக்குது. மக கல்யாண போட்டோ எல்லாம் அதுலதான், வேற காப்பி இல்லை. விண்டோஸ்லயே இருக்கிற டிஸ்க் சரிபண்ற செக்டிஸ்க் ஓட்டச் சொல்றாங்க.

பதில்: ஓட்டாதீங்கம்மா. ஃபார்மேட்டுக்கும் கேன்சல் கொடுங்க. டிஸ்க்ல எந்த ஃபைல் எங்கே இருக்குங்கிற கணக்கை விண்டோஸால படிக்க முடியலை, அவ்வளவுதான். போட்டோ அழிஞ்சதுன்னு அர்த்தம் இல்லை. செக்டிஸ்க் அந்தக் கணக்கைச் சரிபண்ணத்தான் பார்க்கும், உங்க போட்டோவைக் காப்பாத்தணும்னு பார்க்காது. பொருந்தாததை வெட்டி, துண்டு துண்டா தனி ஃபோல்டர்ல போட்டுடும். டிஸ்கே கெட்டுக்கிட்டிருந்தா அந்த ஓட்டத்துலயே மிச்சமும் போகும்.

டிஸ்கோட உடல்நிலையைக் காட்டுற கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோன்னு இலவச மென்பொருள் இருக்கு. அது டிஸ்க்ல எதையும் எழுதாது. அதுல கெட்ட இடங்களோட கணக்கைச் சொல்ற 05, சி5, சி6 வரிகளுக்கு நேரா கடைசியில என்ன எண் இருக்குன்னு சொல்லுங்க. அதுவரைக்கும் டிஸ்கைச் சும்மா செருகி வைக்க வேண்டாம்.

கேள்வி: கட்டில்ல இருந்து விழுந்த டிஸ்க், இப்போ டக் டக்னு அடிக்குது. ஃப்ரீஸர்ல வெச்சா சரியாகுமா?

பதில்: தயவுசெஞ்சு வைக்காதீங்க. வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் படியும். படிக்கிற ஹெட் தட்டுக்கு மேல சில நானோமீட்டர் உயரத்துலதான் மிதக்குது, விழுந்ததுல அது கோணியிருந்தா ஒவ்வொரு தடவை ஆன் பண்ணும்போதும் தட்டைச் சுரண்டும். டேட்டா முக்கியம்னா இனி ஆன் பண்ணவே வேண்டாம். தூசி இல்லாத கிளீன் ரூம் வசதியுள்ள, டேட்டா மீட்கிற ரெக்கவரி லேப்தான் ஒரே வழி. கடையில மூடியைத் திறக்கவும் விடாதீங்க.

கேள்வி: யூஎஸ்பி சாக்கெட் ஆடுது. பெட்டியைப் பிரிச்சு, கம்ப்யூட்டருக்குள்ள டிஸ்கை இணைக்கிற சாட்டா கேபிள்ல மாட்டிக்கலாமா?

பதில்: உள்ளே சாட்டா முனை இருந்தா மாட்டலாம். பல போர்ட்டபிள் டிஸ்க்ல யூஎஸ்பி சாக்கெட்டே சர்க்யூட் போர்டுல பற்றவைச்சிருக்கும், சாட்டா முனை இருக்காது. சிலதுல டேட்டாவைப் பூட்டி எழுதுற என்கிரிப்ஷனும் அந்த போர்டுலதான் நடக்கும், அதனால போர்டை மாத்தினாலும் டேட்டா படிக்காது. சாக்கெட்டை மட்டும் மாத்தித் தர்ற ஆளைத் தேடுங்க.

கேள்வி: 1 டிபி வாங்கினேன், 931 ஜிபிதான் காட்டுது.

பதில்: முழுசாத்தான் இருக்கு. கம்பெனி ஆயிரத்தால கணக்குப் போடுது, விண்டோஸ் 1024-ஆல.

கேள்வி: மேக்புக்ல டிஸ்க் திறக்குது, ஆனா காப்பி போட முடியல.

பதில்: டிஸ்க் விண்டோஸோட ஃபைல் முறையான என்டிஎஃப்எஸ்ல இருக்கும். மேக் அதைப் படிக்க மட்டும்தான் செய்யும். மேக், விண்டோஸ் ரெண்டுலயும் எழுதணும்னா எக்ஸ்ஃபேட் முறைக்கு ஃபார்மேட் பண்ணணும். ஆனா மாத்தினா உள்ளே இருக்கிறது அழியும், முதல்ல வேற இடத்துக்கு எடுத்துடுங்க.

கேள்வி: சார், கல்யாண போட்டோ டிஸ்க் கேட்டேனே. 05-ல் எல்லாம் 0. சி5, சி6 ரெண்டுலயும் கடைசியில 38-னு இருக்கு.

பதில்: அது பதினாறு அடிமான எண்மா, நம்ம கணக்குல 56. அத்தனை செக்டரை, அதாவது தட்டுல இருக்கிற சின்னச் சின்ன டேட்டா கட்டங்களை, டிஸ்கால படிக்க முடியலை. அந்த எண்ணிக்கை இன்னும் ஏறலாம், அதனால இந்த டிஸ்க்ல எந்த ரெக்கவரி மென்பொருளையும் நேரடியா ஓட்ட வேண்டாம். அதே அளவோ பெரிசோ ஒரு காலி டிஸ்க் வாங்குங்க. லினக்ஸ் தெரிஞ்சவர்கிட்ட, கெட்ட டிஸ்கை நகல் எடுக்கிற டிடிரெஸ்க்யூ மென்பொருள்ல முழு டிஸ்கையும் அப்படியே அதுக்கு நகல் எடுக்கச் சொல்லுங்க, எதுவரைக்கும் நகல் ஆச்சுன்னு குறிச்சு வைக்கிற மேப் ஃபைல் கட்டாயம் போடச் சொல்லுங்க. நல்ல பகுதியை முதல்ல அள்ளிட்டு, கெட்ட இடத்துக்கு அது அப்புறமாத்தான் திரும்பி வரும். நடுவுல நின்னாலும் விட்ட இடத்துல இருந்து தொடரும். பிறகு அந்த நகல்ல டெஸ்ட்டிஸ்க்ங்கிற மீட்பு மென்பொருளை ஓட்டுங்க, அதுல வரலைன்னா போட்டோரெக். நடுவுல டக் டக்னு சத்தம் வந்தா உடனே நிறுத்திட்டு லேபுக்குப் போங்க.

வாரண்டி இருந்தாலும் இப்போ கொடுக்காதீங்க. அவங்க மாத்தித் தர்றது புது டிஸ்க், போட்டோ திரும்பி வராது.